மருந்துக்குக் கேட்குமா?

என் அண்ணிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அதைத் தவிர அவளிடம் குறையென்று சொல்ல எதுவுமில்லை. நாத்தனார் நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. அவள் உட்காரும் பக்கத்து இருக்கையின் அடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர்கள் தடுமாறினால் அதை மிதித்து வண்டியை நிறுத்துவாள். அந்தப் பழக்கத்தில் சாப்பாட்டு மேசையிலும் தியேட்டரிலும்கூட அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அவளிடம் ஓட்டப் பழகியவர்கள் வைத்த பெயர் ‘பிரேக் மிஸ்’. கதவைத் திறந்து ஒருவர் உட்காரும் விதத்தைப் பார்த்தே, இவர் முதல் டெஸ்டில் தேறுவார், இவர் தேறமாட்டார் என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஒருநாள் பழகிக்கொண்டிருந்த பெண் சட்டென்று பிரேக் போட்டாள். வலப்பக்கமிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்திருக்கிறது. அண்ணியின் கண்ணில் அது படவேயில்லை. வகுப்பை முடித்துவிட்டு நேராகக் கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் ஒன்றுமில்லை, தலையை ஸ்கேன் செய்யுங்கள் என்றார் அவர். மூளையில் கட்டி.

அறுவை சிகிச்சை, கதிர் வைத்தியம், மாத்திரை எல்லாம் முடிந்து எழுந்துவிட்டாள். ஆனால் நடுவில் ஒருமுறை வலிப்பு வந்ததால் வண்டி ஓட்டவோ ஓட்டக் கற்றுக்கொடுக்கவோ கூடாது என்று தடை. சாலை விதிகளைப் பாடமாக நடத்தும் வேலையை டிரைவிங் பள்ளியில் கொடுத்தார்கள். போர்டுக்கும் ஜன்னலுக்கும் நடந்தபடியே நடத்தினாள்.

மறுவருஷம் சொற்கள் பிசகத் தொடங்கின. “அந்தச் சீப்பை எடுடி” என்று சாவியைக் காட்டினாள். சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சொல்லுக்காக அவள் கையை ஆட்டிக்கொண்டு தவிக்கும்போது, எடுத்துக்கொடுக்கவும் பயம், கொடுக்காமலிருக்கவும் பயம்.

“திரும்ப வந்திருக்கு” என்றார் டாக்டர். நடுவயதுப் பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசுவார். பேச்சுக்கான இடத்தை ஒட்டியே கட்டி இருப்பதால் மறுபடி கத்தி வைத்தால் பேச்சே போய்விடலாம். கட்டி தனக்கென்று புதுப் புது ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. அதைத் தடுக்க ஒரு மருந்து இருக்கிறது, நரம்பில் ஏற்றலாம் என்றார்.

அண்ணன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அதிகம் பேசமாட்டான். அன்று அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். “மருந்துக்குக் கேட்குமா டாக்டர்?”

“சிலருக்கு நல்லாவே கேட்கும். சிலருக்குச் சுத்தமா கேட்காது. யாருக்குக் கேட்கும்னு முன்னாடியே சொல்ல முடியுமான்னு இங்க ஒரு ஆராய்ச்சி பண்றோம். கட்டிக்குள்ள ரத்தம் எப்படி ஓடுது, தண்ணி எப்படி நகருதுன்னு ஒரு ஸ்கேன் எடுப்போம். இதே மருந்து ஏத்திக்கிட்ட பழைய நோயாளிகளோட ஸ்கேனையெல்லாம் வெச்சுக் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். முடிவைத் தெரிஞ்சுக்கறதும் வேண்டாம்கறதும் உங்க இஷ்டம்.”

“வேண்டாம்” என்றான் அண்ணன்.

“வேணும்” என்றாள் அண்ணி. பிறகு சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்துக் கேட்டாள். “நானும் சொல்வேன் டாக்டர். யாரு பாஸ், யாரு ஃபெயில்னு. ஆனா... தப்பினதும் உண்டு. உங்க கம்ப்யூட்டரும் தப்புமா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “தப்பும். நூறு பேரைப் பத்திக் கேட்டா நல்லாச் சொல்லும். உங்க ஒருத்தரைப் பத்திக் கேட்டா தடுமாறும். அது என்ன சொன்னாலும் மருந்தைத் தரமாட்டேன்னு சொல்லமாட்டேன்.”

ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் என்றார்கள்.

அந்த வாரம் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அண்ணி அலமாரியைக் காலி செய்து துடைத்து அடுக்கினாள். மறுநாள் அதையே மறுபடி காலி செய்தாள். அடுக்குமாடியின் படிகளில் ஏறி இறங்கினாள். அவள் விழுந்துவிடப்போகிறாளே என்று நான் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடினேன். போன் அடித்தால் மூன்று பேரும் பாய்ந்தோம். காஸ் ஏஜென்சிக்காரர் பேசினால் அவர் மீது எரிந்து விழுந்தோம். மற்ற நேரத்தில் அண்ணன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஆனால் விரிந்திருந்த செய்தித்தாள் தலைகீழாக இருந்தது.

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற நீ?” என்று ஒரு மாலை அவன் வெடித்தான். “கேட்காதுன்னு சொல்லிட்டா? மிச்ச நாளும் அதையே நெனச்சு நெனச்சுச் சாகணுமா?”

அண்ணி கையிலிருந்த துடைக்கும் துணியைக் காட்டினாள். “தெரியாம... நான் என்ன பண்ணிட்டிருக்கேன்னு பாருங்க.”

அவன் எழுந்து போய்ப் பால்கனியில் நின்றான்.

முடிவு வந்தது. பலன் கிடைக்க வாய்ப்புக் குறைவு.

டாக்டர் அதை மெதுவாக இரண்டு தடவை சொன்னார். அண்ணனின் முகம் வெளிறியது. அண்ணியோ, பல நாளாகத் தேடிய எதையோ கண்டெடுத்தவள் போல நிமிர்ந்தாள். “சரி. ஏத்துங்க” என்றாள்.

“கேட்காதுன்னுதானே சொல்றாங்க, அண்ணி?” என்றேன்.

“வாய்ப்புக் குறைவு. இல்லவே இல்லைன்னு... சொல்லல. ஏத்திப் பார்ப்போம். கேட்கலைன்னா நிறுத்திடுவோம். இழுக்க வேண்டாம்.”

மருந்து ஏற ஆரம்பித்தது. இரண்டாவது முறை ஏற்றிக்கொண்டு வந்த சில நாட்களில், காலையில் கடைக்குக் கிளம்பிய அண்ணனை வாசலில் மறித்தாள். “ஏங்க, நேத்திக்குப் போட்ட சட்டையையே மறுபடி மாட்டிக்கிட்டுப் போறீங்களே, கடையில யாரும் மூக்கைப் பிடிக்கலையா?”

ஒரு சொல்கூடத் தடைப்படவில்லை. அண்ணன் செருப்பில் பாதிக் காலை நுழைத்தபடி நின்றுவிட்டான். “இன்னொரு தடவை திட்டு” என்றான்.

நாங்கள் துள்ளிக் குதித்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் எங்களோடு சேர்ந்து குதிக்கவில்லை. “கட்டியைச் சுத்தி இருந்த வீக்கம் நல்லா வத்தியிருக்கு. அதனாலதான் பேச்சு வந்திருக்கு. ஆனா கட்டி அடங்கிடுச்சான்னு இன்னும் தெரியல. படத்துல நல்லாத் தெரியறதும் சில சமயம் ஏமாத்தும். அதையும் சொல்லிடணும்.”

வீட்டுக்கு வந்ததும் அண்ணி சொன்னாள். “பேச்சு இருக்கறப்பவே ஒரு வேலையை முடிக்கணும். ஏங்க, நீங்க கார் கத்துக்கறீங்க.”

இத்தனை வருஷம் பஸ்ஸிலேயே போய் வந்தவன் அவன். டிரைவிங் டீச்சரைக் கட்டிக்கொண்டும் ஸ்டியரிங்கைத் தொடாதவன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேலி செய்தாகிவிட்டது. அன்று மறுக்கவில்லை.

பள்ளியில் அவளோடு வேலை பார்த்த, எல்லோரும் ‘மீசை’ என்று கூப்பிடும் ஆள் பக்கத்து இருக்கையில் பிரேக்கோடு உட்கார்ந்தார். பின்னிருக்கையில் அண்ணியும் நானும். மீசை வாயைத் திறக்க அண்ணி விடவில்லை.

“கண்ணாடியைப் பாருங்க. முகம் பார்க்கற கண்ணாடி இல்ல அது, பின்னாடி வர்ற லாரியைப் பாருங்க.”

“பார்த்துட்டேன்.”

“பார்த்துட்டு ஏன் நடுரோட்டுல நிக்கிறீங்க? லென்ஸா தேய்க்கிறீங்க? கிளட்சை விடுங்க!”

வண்டி குலுங்கி அணைந்தது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. மீசை தோள்கள் குலுங்கச் சிரித்தார். “மிஸ், என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க” என்றார்.

முதல் டெஸ்டில் அண்ணன் தோற்றான். இரண்டாவதிலும் தோற்றான். மூன்றாவது முறை தேறி வந்தபோது அவன் சட்டை முழுக்க வியர்வை. அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அடுத்த முறை அண்ணியின் காரை அவன்தான் ஓட்டினான். எல்லோரும் எங்களை முந்திப் போனார்கள்.

அன்றைய ஸ்கேனில் கட்டி பரவியிருந்தது. ஓரமாக, வீக்கமில்லாமல், சத்தம் காட்டாமல் அது பாட்டுக்கு நகர்ந்திருக்கிறது.

“அப்போ கணிப்பு சரிதானா?” என்றேன். யார் மீது என்று தெரியாத கோபம் எனக்கு.

“கட்டியைப் பத்திச் சரியாத்தான் சொல்லிச்சு. நடுவுல இவங்க இவ்வளவு பேசுவாங்கன்னு அதுக்குத் தெரியல” என்றார் டாக்டர். பிறகு, அண்ணியின் ஸ்கேன்களை ஆராய்ச்சியில் வைத்துக்கொள்ளலாமா, அடுத்து வருபவர்களோடு ஒப்பிட உதவும் என்று கேட்டார்.

“தாராளமா. நான் திட்டினதையும் சேர்த்துக்கோங்க” என்றாள் அண்ணி. “மருந்து போதும் டாக்டர். சொன்ன சொல் மாறமாட்டேன்.”

அதன்பின் சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. வலது கையும் ஓய்ந்தது. படுக்கையில் கிடந்தபோதும் இடது கை போர்வையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டே இருக்கும். அண்ணன் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தான். ஒரு பிற்பகல் நான் அவள் தலையணையை மாற்றிக்கொண்டிருக்கையில் மூச்சு நின்றது. அண்ணன் மருந்து வாங்கிக்கொண்டு வெளியிலிருந்து வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். அவ்வளவுதான்.

இப்போது உட்காரத் தெரியாதவன் அவன்தான். கடையிலிருந்து வருவான், தண்ணீர் குடிப்பான், கார் சாவியை எடுப்பான். தனியாக விட மனம் வராமல் நானும் ஏறிக்கொள்வேன். போன வாரம் பாலம் தாண்டி, எனக்குப் பழக்கமே இல்லாத தெருக்களில் போய்க்கொண்டிருந்தோம்.

“எங்கண்ணா போறோம்?”

“தெரியல. சிக்னல் பச்சையா இருக்கற பக்கம்.”

அடுத்த சிக்னல் இடப்பக்கம் பச்சையாக இருந்தது. திரும்பினான்.