கரும்பலகையில் ஓடிய லாரி

நனைந்த தார்ப்பாயை வெயிலில் விரித்துப் போட்டால் ஒரு வாசனை கிளம்பும். மெழுகு, டீசல், எந்தெந்த ஊரிலோ பெய்த மழை எல்லாம் சேர்ந்து புழுங்கின மாதிரி இருக்கும். மூக்கில் ஏறினால் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை இறங்காது. பெங்களூர் ஆடுகோடியில் நைனா வேலை பார்த்த லாரிக் கம்பெனியின் "யார்டு" முழுக்க அந்த வாசனைதான். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயதிருக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டதும் விவேக் நகரிலிருந்த எங்கள் வீட்டுக்குப் போகாமல், பையோடு நேராக அந்த யார்டுக்கு நடப்பேன். காய்கிற தார்ப்பாய்களை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப்போய், ஆபீஸ் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, உள்ளே சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்ப்பேன். அதைப் பார்த்தால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

"போர்டு" என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பலகையில் இடது பக்கம் கம்பெனி லாரிகளின் நம்பர்கள், பெயின்ட்டில் எழுதினவை. வலது பக்கம் ஒவ்வொரு வண்டியும் அன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறது என்று சாக்பீஸில், கன்னடத்தில். அதைத் தினமும் அழித்து எழுதுவது ருத்ரப்பா என்கிற கிளார்க்கின் வேலை. நைனாவின் வண்டி நாற்பத்துநான்கு பதினேழு. டெல்லிக்கு "லைன்" போகிற வண்டி. போனால் திரும்பிவர பதினெட்டு இருபது நாள் ஆகும். அத்தனை நாளும் எனக்கு நைனா என்பது அந்தப் பலகையில் ஒரு ஊர்ப் பெயர்தான். நேற்று கர்னூல், இன்று ஐதராபாத், நாளை அதிலாபாத். பார்க்காத ஊர்களைக் கணக்குப் பாடத்தைவிட நன்றாக மனப்பாடம் செய்திருந்தேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். மழை பெய்தால் வண்டி சறுக்கிவிடும் என்று பயம், மழை நின்றால் நைனா வேகமாக ஓட்டுவாரே என்று பயம். "ஊர்ல நடக்காததெல்லாம் ஒனக்கு மட்டும் எப்டிடி தோணுது?" என்று அம்மா கேட்பாள். ஆனால் நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "எங்க கீறாராம்?" என்று அவளேதான் முதலில் கேட்பாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் அந்தப் பலகையைப் படித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு ட்ரிப் முடிந்து நைனா வீட்டில் இருக்கிற இரண்டு மூன்று நாளில் நான் அவரைச் சும்மா விடமாட்டேன். எங்கே குளிப்பீர்கள், எங்கே தூங்குவீர்கள், ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் என்ன செய்வார், இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பேன். நைனாவோடு இன்னொரு டிரைவர், செல்வராஜ் அண்ணன், மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். டெல்லி லைனுக்கு இரண்டு பேர் இல்லாமல் வண்டி நகரக்கூடாது என்பது கம்பெனி சட்டம். ஓட்டாதவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் படுத்துக்கொள்வார். அந்தப் பலகை பழகிப்போய், வீட்டுக்கு வந்த முதல் நாள் நைனா பாயில் புரண்டுகொண்டே இருப்பார். "தர ஆடலன்னா தூக்கம் வரமாட்டேங்குது" என்பார். பகலில் பெரிய ஊர்களுக்குள் லாரியை விடமாட்டார்கள் என்பதால் ஊருக்கு வெளியே வண்டியின் நிழலிலேயே பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு பொங்குவார்கள். கருவாடு வறுத்தால் பக்கத்து வண்டிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வருவார்களாம். டெல்லியில் சரக்கை இறக்க இரண்டு நாள் வரிசையில் நிற்க வேண்டும். குளிக்கப் போனால் இடம் போய்விடும். "சொந்த வண்டின்னா ஒடம்பு சரியில்லன்னு ஓரங்கட்டிப் படுத்துக்கலாம். கம்பெனி வண்டில காயிதத்துல தேதி போட்டுக் குடுத்துட்றான். அந்தத் தேதிக்கு சரக்கு போயி சேரணும், அவ்ளோதான்" என்று நைனா சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. தேதிக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி எங்கே இருக்கிறது என்று ருத்ரப்பாவுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கேட்டே விட்டேன். டிரைவர்கள் வழியில் எஸ்.டி.டி. பூத் கிடைக்கிற இடத்தில் போன் செய்வார்களாம். வண்டி நம்பர், ஊர், "ஓகே". மூன்றே சொல், மீட்டர் ஓடுவதற்குள் வைத்துவிட வேண்டும். போன் வராத நாளில் வேறொரு வழி இருந்தது. எதிரே கம்பெனி வண்டி வருவதைப் பார்த்தால் இரண்டு முறை லைட் அடிப்பார்கள். எல்லாம் நன்றாக இருந்தால் அந்த வண்டியும் பதிலுக்கு இரண்டு முறை அடிக்கும். அப்படிப் பார்த்தவர் அடுத்த பூத்தில் தன் வண்டியோடு அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். அந்த மாதிரி வந்த சேதி என்றால் ருத்ரப்பா ஊர்ப் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். வட்டம் எனக்குப் பிடிக்காது.

அந்த ட்ரிப்பில் ஐந்தாம் நாள் நாக்பூர் என்று இருந்தது. ஆறாம் நாளும் நாக்பூர். இருட்டும்வரை ஜன்னலை விட்டு நகரவில்லை. ஏழாம் நாள் சாகர், சுற்றிலும் வட்டம். அதன் பிறகு வட்டமில்லாமல் ஜான்சி, ஆக்ரா, டெல்லி. நிம்மதியானேன். ஆனாலும் சாகரில் பார்த்தது யார் என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் பாஷா பாய் யார்டுக்கு வந்து சேர்ந்ததும் அவரிடம் போய் நின்றேன். வடக்கேயிருந்து திரும்பி வந்த கம்பெனி டிரைவர் அவர். வெற்றிலை போட்ட வாயோடுதான் பேசுவார்.

"பாய், சாகர்ல எங்க நைனாவப் பாத்தீங்களா?"

"பாத்தேனே மா! லைட் அடிச்சேன், டபுளா அடிச்சாங்க. வண்டி ஜம்முனு போவுது. டென்ஷன் நக்கோ, பயப்படாத."

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்குத் தலைக்குக் குளித்து, மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

திரும்பும்போது எந்த ஊருக்குச் சரக்கு கிடைக்கிறதோ அந்த வழியாகத்தான் வண்டி வரும். இந்த முறை ஜெய்ப்பூர், அகமதாபாத், பூனா என்று போர்டில் ஊர்கள் வந்தன. பூனா, ஹூப்ளி, தும்கூர். ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள், மத்தியானம் நான் யார்டு கேட்டில் நின்றிருந்தபோதே நாற்பத்துநான்கு பதினேழு உள்ளே நுழைந்தது. ஓட்டி வந்தது செல்வராஜ் அண்ணன். நைனா அந்தப் பக்கம் இறங்குவார் என்று சுற்றிக்கொண்டு ஓடினேன். கதவு திறக்கவில்லை. படியில் ஏறி எட்டிப் பார்த்தேன். சீட்டில் தண்ணீர் கேனும் மடித்து வைத்த நைனாவின் போர்வையும் இருந்தன.

செல்வராஜ் அண்ணன் இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நைனா எங்கே என்று நான் கேட்கக்கூட இல்லை.

"பயப்படாதம்மா. நல்லாத்தான் கீறாரு. நாக்பூர்ல, ஆஸ்பத்திரில. மஞ்சக்காமால."

"எப்போண்ணா?"

"போவும்போதே."

போகும்போதே என்றால் பதினான்கு நாள். கம்பெனியின் நாக்பூர் ஆபீஸ்காரர் நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, தேதி போய்விடும் என்று செல்வராஜ் அண்ணனைத் தனியாகவே வண்டியை எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஒற்றை ஆளாக ஓட்டுவது சட்டத்துக்கு விரோதம். அதனால் ஆபீஸ்காரரும் வெளியே சொல்லவில்லை, செல்வராஜ் அண்ணனும் சொல்லவில்லை. பாஷா பாய்க்குப் பதில் லைட் அடித்தது செல்வராஜ் அண்ணன். பாய் வண்டியைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், அவ்வளவுதான். நாங்கள் மீன் குழம்பு சாப்பிட்ட அன்றைக்கு நைனா யாருமில்லாத ஊரில் படுத்திருந்தார். இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் என் கால்கள் வீட்டுக்கு ஓடிவிட்டன.

அம்மா அதுவரை அந்த ஆபீஸுக்குள் காலெடுத்து வைத்தவள் இல்லை. அன்றைக்கு நேரே ருத்ரப்பாவின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"டெய்லி என் பொண்ணு வந்து வந்து பாத்துகினு போச்சே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா சார்?"

ருத்ரப்பாவுக்கே அப்போதுதான் விஷயம் தெரியும். முகம் வெளுத்துப் போய்விட்டது. "நான் ஏனு மாடலி, என்ன பண்ணட்டும் அம்மா? வண்டி ஓகேன்னு போன் வந்துச்சு. வண்டி எங்க இருக்குன்னு எழுதினேன்."

"வண்டி ஓகே!" என்றாள் அம்மா. "வண்டிக்கா நான் கழுத்த நீட்டினேன்?"

ருத்ரப்பா போனை எடுத்து நாக்பூருக்குப் போட்டார். அந்தப் பக்கம் இந்தியில் பேசினார்கள். அம்மா அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நைனாவை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டு நான்கு நாள் ஆகிறதாம். நாக்பூர் கோடவுனில் படுத்திருக்கிறாராம், தெற்கே வருகிற கம்பெனி வண்டிக்காக. மறுபடி லோடு ஏற்றிப் போயிருந்த பாஷா பாயின் வண்டி மறுநாள் அங்கே சரக்கு இறக்கும். அதில் ஏற்றி அனுப்புகிறார்களாம்.

"அத்த அதுல எழுது சார்" என்று அம்மா போர்டைக் காட்டினாள். "இவரு பேர எழுது."

"ஆளு பேருக்கு ஜாகா இல்லம்மா. நம்பர் மட்டும்தான்."

அம்மா மேஜை மேலிருந்த சாக்பீஸை எடுத்து என் கையில் வைத்தாள். "நீ எழுதுடி."

ஸ்டூலில் ஏறினேன். பெயின்ட் அடித்த நம்பர்களுக்கெல்லாம் கீழே, காலியாக இருந்த இடத்தில் தமிழில் "மு" என்று ஆரம்பித்தேன். யாராவது இறங்கச் சொல்லித் திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். பின்னாலிருந்து ருத்ரப்பாவின் குரல் மெதுவாக வந்தது: "கன்னடதல்லி எழுது மரி, கண்ணு. நானும் படிக்கணும் இல்வா." உள்ளங்கையால் அழித்துவிட்டுக் கன்னடத்தில் எழுதினேன். முனிரத்தினம், நாக்பூர். மேலே நாற்பத்துநான்கு பதினேழுக்கு எதிரே பெங்களூர் என்று இருந்தது. வண்டி ஒரு ஊரிலும் நைனா ஒரு ஊரிலுமாக அந்தப் போர்டில் இருந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஞாயிறு. அதற்கடுத்த மூன்று நாளும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. நான்கு நாளும் காலையிலேயே ஆபீஸில் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டாம் நாள் அதிலாபாத்திலிருந்து பாஷா பாய் போன் செய்து நம்பர், ஊர், ஓகே என்று சொல்லி வைக்கப் போனார். ருத்ரப்பா விடவில்லை. "ஏய், ஆளு எல்லி, எங்க? ஆளு கையில போன குடு" என்று கத்திவிட்டு ரிசீவரை என் காதில் வைத்தார். இரைச்சலுக்கு நடுவே நைனாவின் குரல் ரொம்பச் சன்னமாகக் கேட்டது.

"இஸ்கூல் போனியா?"

"போனேன் நைனா" என்று பொய் சொன்னேன்.

மூன்றாம் நாள் கர்னூல். நான்காம் நாள் சாயங்காலம் பாஷா பாய் நைனாவைக் கையைப் பிடித்து இறக்கினார். சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தார். கண் இன்னும் மஞ்சளாக இருந்தது. எங்களைப் பார்த்தார், அப்புறம் தூரத்தில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். "பின்னாடி எடது டயரு தேஞ்சி கெடந்துச்சே, மாத்தினானா செல்வராஜு?" என்று கேட்டார்.

"நீயும் வண்டியத்தான் கேக்கறியா?" என்று சொல்லிவிட்டு அம்மா அழுதாள். நானும் அழுதேன். பாஷா பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என்னிடம் மட்டும், "லைட்ட நம்பிட்டேன் மா" என்றார்.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்று செல்வராஜ் அண்ணனிடம் சொன்னது நைனாதான் என்று பிறகு தெரிந்தது. "இவதான் பயந்துக்குவாளே" என்றார். என் பயத்துக்குப் பயந்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கும் யாராவது என்னிடம் "ஒண்ணுமில்ல" என்றால் உடனே என் நெஞ்சு அடித்துக்கொள்வது அதிலிருந்துதான்.

நான் எழுதிய பெயரை ருத்ரப்பா அழிக்கவில்லை. ஒரு வாரத்தில் செல்வராஜ் அண்ணனின் மனைவி வந்து, தன் வீட்டுக்காரர் பெயரையும் எழுதச் சொன்னார். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். போனில் மூன்று சொல்லோடு நான்காவதாக ஆட்களின் பெயரும் சேர்ந்தது. நைனா ஏழு மாதம் லைனுக்குப் போகவில்லை. போக ஆரம்பித்த பிறகு நான் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட அந்த ஜன்னலில் இருந்ததுதான் அதிகம். ஒன்பதாவது பாதியில் நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் மனசு அங்கே நிற்காது, அவ்வளவுதான்.

இப்போது அந்த யார்டு இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. வாசலில் கார்டு மாட்டிய பிள்ளைகள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். எஸ்.டி.டி. பூத் ஒன்றுகூட இல்லை. டிரைவர்கள் கையில் ஆளுக்கொரு செல்போன். லைட் அடித்துச் சேதி சொல்கிற பழக்கம் இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. போர்டு எங்கே போனது என்று ருத்ரப்பாவைக் கேட்டிருக்கலாம், அவரும் இல்லை.

நைனா இருக்கிறார். நாக்பூரைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நானும் கேட்கப் பயந்துகொண்டு இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். போன மாதம் டீ கொடுக்கும்போது என்னவோ தைரியம் வந்து கேட்டேன்.

"கட்டில் தலமாட்ல ஒரு அட்ட மாட்டியிருந்தாங்க" என்றார். "எனக்கு இந்தி படிக்க வராதா, கெளம்பற அன்னிக்குப் பக்கத்துக் கட்டில்காரன, இன்னாப்பா எழுதிக்குதுன்னு கேட்டேன். மதராசி டிரைவர்னு எழுதிக்குதாம். நர்சம்மாவும் அப்டித்தான் கூப்டும். ஒம்போது நாளும் அதான் எம் பேரு."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பேரச் சொல்றதுதானே நைனா?"

"சொல்லியிருப்பேன்" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. "யாரும் கேக்கலியே."