புள்ளி விழாத படம்

எங்கள் குடியேற்றத் திட்டத்தில் அப்போது இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்தன. ஒன்று எங்கள் வீட்டில். மற்றது வாய்க்காலுக்கு அந்தப்பக்கம்; இடி விழுந்த நாளிலிருந்து அதன்மேல் நெல்லு மூட்டை ஏறியிருந்தது. ஆகவே நேயர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் அத்தனை பேரும் மாலையில் எங்கள் விறாந்தையில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு நாட்டு நடப்பை அறிவிக்கும் பொறுப்பு என்னுடையது என்று பதினொரு வயதில் நான் நினைத்திருந்தேன். யாரும் அதை என்னிடம் ஒப்படைக்கவில்லை.

சமாதான காலம். போரால் பூட்டிக் கிடந்த கண்டி வீதி திறந்திருந்தது. சித்தப்பா வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வான் வண்டி ஓட்டினார். டிஷ்ஷையும் அதோடு பொருத்தும் றிசீவரையும் கொண்டுவந்தவர் அவர்தான். கம்பிவலையால் செய்த டிஷ். விரித்த குடையை மல்லாத்தி வைத்தது போல முற்றத்தில் நின்றது. கரண்ட் எங்களுக்கு இல்லை. உழவு இயந்திரத்துப் பற்றரியைக் கழற்றி வந்து கொழுவி, நாளுக்கு ஒரு மணித்தியாலம் பார்ப்போம். அதற்கு மேல் பார்த்தால் காலையில் இயந்திரம் இயங்காது.

அந்த ஒரு மணித்தியாலத்தில் முதல் அரை மணித்தியாலம் மாமியுடையது. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மாமி அப்பாவின் அக்கா. அடுத்த வளவில் தனியே இருந்தார். அவரின் ஒரே மகன், எனக்கு அத்தான், இரண்டு வருடங்களுக்கு முன்னர், ஆட்களைக் களவாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சி மூலம் வெளிநாட்டுக்குப் புறப்பட்டவர். இடைவழியில் ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. சரியான பனி என்றும், ஆறே உறைந்து கிடக்கிறது, அதைக் கடந்துவிட்டால் பிறகு பயமில்லை என்றும் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஆறரைக்கு ஒரு வெளிநாட்டுத் தமிழ்ச் சனலில் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி. அது தொடங்கும்போது ஒவ்வொரு நாளும் அதே ஆறு படங்களைக் காட்டுவார்கள். மூன்றாவது படத்தில் சிவப்பு ஜாக்கெற் போட்ட ஒரு இளைஞன் ஒரு பாலத்தில் சாய்ந்து நிற்பான். நான்கு செக்கன். முதல் வாரமே மாமி கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“தம்பி, இது என்ர பிள்ளையெல்லோ. சாய்ஞ்சு நிக்கிற நிலையைப் பார்.”

அப்பா பார்த்தார். “அவன் மாதிரித்தான் கிடக்கு, அக்கா” என்றார்.

எங்கள் படம் எப்போதும் புள்ளி விழுந்தபடிதான் வரும். யாரோ அரிசிமாவை அள்ளித் தூவிக்கொண்டே இருப்பது போல. முகத்தில் மூக்கு எது, நிழல் எது என்று தெரியாது. அப்பாவுக்கு டிஷ் திருப்பத் தெரியாது என்பது என் முடிவு. ஆறு இருபத்தைந்துக்கு அவர் முற்றத்தில் நின்று விளிம்பைப் பிடித்துத் திருப்புவார். “எப்பிடி?” என்று யன்னலுக்குள்ளால் கேட்பார். “காணும் தம்பி, இவ்வளவு போதும்” என்பார் மாமி. இன்னும் கொஞ்சம் திருப்புங்கோ அப்பா, இன்னும் வடிவா வரும் என்று நான் கத்துவேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்.

ஒருநாள் அவர் வயலால் வரப் பிந்தியபோது நானே திருப்பினேன். படம் பளிச்சென்று வந்தது. நிகழ்ச்சி தொடங்கும் நேரம். சைக்கிளை வேலிப் படலையில் விழுத்திவிட்டு அப்பா ஓடிவந்து டிஷ்ஷைப் பிடித்தார். புள்ளி திரும்பவும் விழுந்தது. காற்றுக்கு ஆடுதாம், அதுதான் பிடித்தாராம். அன்றைக்கு இலை கூட அசையவில்லை. பெரியவர்களுக்கு விஞ்ஞானம் விளங்காது என்று விட்டுவிட்டேன்.

பிறகு திரையின் அடியில் ஒரு வரி ஓடத் தொடங்கியது. ஆங்கில வரி, வேகமாகவும் போகும். மூன்று நாள் கொப்பியோடு குந்தியிருந்து துண்டு துண்டாக எழுதியெடுத்தேன். அனலொக் ஒளிபரப்பு மாதமுடிவோடு நிற்கிறது, இனி டிஜிற்றல் மட்டுமே, நேயர்கள் புதிய றிசீவர் வாங்கவேண்டும் என்று இருந்தது. விஞ்ஞான வாத்தியாரிடம் கேட்டேன். பழைய முறையில் சமிக்ஞை குறையக் குறையப் படம் மங்கும், புதிய முறையில் வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் அடியோடு வராது, நடுவில் ஒன்றும் கிடையாது என்றார். இவ்வளவு நேர்மையான ஒரு விஷயத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

சித்திரக் கொப்பியில் நடுத்தாளைக் கிழித்து, சிவப்பு மையால் ‘நேயர்களுக்கு அறிவித்தல்’ என்று தலைப்பிட்டு, இம்மாத முடிவுடன் யாவும் நிறுத்தப்படும் என்பதைச் சகலருக்கும் அறியத்தருகிறேன் என்று எழுதினேன். சங்கக்கடைச் சுவரில் மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். பின்னேரமே கடை மனேச்சர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“பிள்ளை, எதை நிப்பாட்டுறாங்கள் எண்டு மேல எழுதியிருக்கலாமே? சனம் பாதை பூட்டப்போகுது எண்டு மண்ணெண்ணெய்க்குக் கலனோட நிக்குது. சீனி முடிஞ்சுது.”

“ரீவியைத்தான் மாமா.”

“அதைச் சொல்லி அனுப்பினன். ஒருத்தரும் நம்பேல்லை. ரீவிக்கு ஆர் நோட்டீஸ் ஒட்டுறது எண்டு கேக்கினம்.”

விறாந்தை சிரித்தது. மாமி மட்டும் சிரிக்காமல் என்னிடம் மெல்லக் கேட்டார். “அப்ப அந்தப் படமும் வராதோ?”

“புதுசு வாங்கினால் வரும் மாமி. கண்ணாடி மாதிரி வரும். அத்தான்ர பல்லைக்கூட எண்ணலாம்.”

மாமி தலையாட்டினார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததாக ஞாபகம். புதிய றிசீவர் இப்போது தேவையில்லை, அறுவடை முடியட்டும் என்றார்.

மாதம் முடிந்தது. படம் போய்விட்டது, இரைச்சலும் புள்ளியும் மட்டும். மாமி ஆறரைக்கு வருவதை நிறுத்தவில்லை. வந்து, அந்த இரைச்சலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டுப் போவார். அதைவிட வேடிக்கை, அப்பாவும் ஆறு இருபத்தைந்துக்கு முற்றத்துக்குப் போய் டிஷ்ஷைத் திருப்பினார். “எப்பிடி?” என்று கேட்டார். “காணும் தம்பி” என்றார் மாமி. இருவருக்கும் நான் கொப்பியில் படம் கீறி விளக்கினேன். அனலொக் செத்துவிட்டது என்று அந்தச் சொல்லாலேயே சொன்னேன்.

இந்த அறியாமையை என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் சித்தப்பாவிடம் போய் நின்றேன். மாமிக்காக என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த கிழமை வவுனியாவிலிருந்து புதிய றிசீவர் வந்தது. சித்தப்பாவும் நானும் பின்னேரம் முழுக்க அதோடு மாரடித்தோம். ஆறரைக்குப் படம் வந்தது. ஒரு புள்ளி இல்லை. பின்னுக்கு இருந்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள்.

அப்பா அப்போதுதான் வயலால் வந்தார். திரையைப் பார்த்தார். செருப்போடு முற்றத்துக்கு இறங்கி டிஷ்ஷில் கை வைத்தார். படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது.

“அண்ணை, கையை எடுங்கோ. ஏன் ஆட்டுறியள்? நல்லாத்தானே வருது” என்று சித்தப்பா கத்தினார்.

அப்பா கையை எடுத்தார்.

முதல் படம். இரண்டாவது. மூன்றாவதில் பாலம், பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீர், சிவப்பு ஜாக்கெற். அகன்ற மூக்கு, ஒரு கன்னத்தில் மச்சம், அரும்பு மீசை. அத்தானுக்கு அந்த மூக்கும் இல்லை, மச்சமும் இல்லை.

“இது அத்தான் இல்லை மாமி” என்றேன். கணக்குக்கு முதலாவதாக விடை கண்டுபிடித்த சந்தோசம் எனக்கு. “பாருங்கோ, வேற ஆரோ.”

யாருக்கோ பிறந்தநாள் பாட்டுப் போனது.

“ஓம் பிள்ளை. நல்ல தெளிவாத்தான் கிடக்கு” என்றார் மாமி.

நிகழ்ச்சி முடியும்வரை இருந்தார். அடுத்த நாள் கண் கடிக்கிறது என்றார். அதற்கடுத்த நாள் நானே கூப்பிடப் போனேன். குசினிக்குள் அடுப்படியில் நின்றபடி, பழைய றிசீவர் இருக்கிறதா, அதைத் திரும்பக் கொழுவலாமா என்று கேட்டார். அதில் இனி இரைச்சல்தான் வரும், இது கூடவா விளங்காது என்று சற்று எரிச்சலோடுதான் சொன்னேன். பரவாயில்லை என்றார். நான் கொழுவிக் கொடுக்கவில்லை.

பிறகு சண்டை மூண்டு பாதை உண்மையாகவே பூட்டுப்பட்டது. சனம் இடம்பெயர்ந்தபோது டிஷ் முற்றத்திலேயே நின்றது. பல மாதங்களின் பின் செட்டிகுளத்து முகாமில், கம்பிவேலியோரம் எல்லோரும் தங்கள் பிள்ளைகளின் படத்தைக் காட்டி, கண்டீர்களா என்று புதிதாக வந்தவர்களைக் கேட்டுத் திரிந்தார்கள். மாமியிடமும் அத்தானின் படம் ஒன்று பைக்குள் இருந்தது. அவர் அதை வெளியே எடுக்கவேயில்லை. அந்த முகாமில்தான், தறப்பாள் கூடாரத்துக்குள் படுத்திருந்தபடி, அம்மா எனக்குச் சொன்னார்: அத்தானோடு போன ஒருவர் அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருந்தாராம். பனி உடைந்ததாம். ஆற்றின் மறுகரைக்கு அத்தான் வந்து சேரவில்லையாம். அந்தக் கடிதம் வந்தது டிஷ் வருவதற்கும் முன்னராம். அப்பா அதை மாமிக்குக் காட்டவேயில்லையாம்.

அப்பா டிஷ்ஷைத் திருப்பியது படம் வருவதற்காக அல்ல. முகம் எவ்வளவுக்கு மேல் தெளியக்கூடாது என்பது அவருக்கு விரலளவில் தெரிந்திருந்தது. அந்த இடம் வந்ததும் “காணும் தம்பி” என்று நிறுத்தியவர் மாமி.

நான்தான் யன்னலில் தொங்கிக்கொண்டு, இன்னும் திருப்புங்கோ, இன்னும் திருப்புங்கோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.