எலுமிச்சங்காய் ஜாடி

கீழ்வேளூரில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சமைக்க வந்திருந்த அம்மாள் அவர். மெலிந்த உடம்பு, மஞ்சள் ஏறிய விரல்கள். ஊறுகாய் ஜாடியைத் தொடும் முன் இரண்டு கைகளையும் முந்தானையில் ஈரம் போகத் துடைத்துக்கொள்வார்.

மாப்பிள்ளையின் தாயார் தம் வீட்டு நார்த்தங்காய் ஜாடியைத் திறந்தார். மேலெல்லாம் வெள்ளையாகப் பூசணம். உடனே மூத்த மருமகளை முறைத்தார். “தூரமா இருக்கறப்ப தொட்டியா?” அத்தனை உறவினர் முன்னால்! அந்தப் பெண் தலைகுனிந்தாள். கல்யாணத்துக்கு வந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சமையல்கார அம்மாள்தான் வாய் திறந்தார். “ஈரக் கரண்டிய விட்டா பூசணம் பூக்கத்தாம்மா செய்யும். நேத்து நீங்க கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, நான் கொண்டாந்த எலுமிச்சங்கா, அத எனக்கு அந்த மூணு நாள்லதான் போட்டேன்.”

அன்று பந்தியில் அவருடைய ஊறுகாயை ஒருவரும் தொடவில்லை. படித்தவர்கள் இலையிலும் அப்படியே கிடந்தது.

அவர் கிளம்பும்போது அதே தாயார் தனியாகக் கூப்பிட்டு, துபாய் போகும் மகனுக்கு ஒரு ஜாடி எலுமிச்சங்காய் கேட்டார். “சுத்தமா இருக்கற நாளா பாத்துப் போடுங்க” என்று உத்தரவு வேறு!

“சரிங்கம்மா” என்று சிரித்தார் அவர். அது என்ன சிரிப்பென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்த ஜாடி எந்த நாளில் போட்டதென்று துபாயில் சாப்பிட்டவருக்கும் தெரிந்திருக்காது.