மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

பொய் சொன்னேன். கடவுளின் பெயரைச் சொல்லி ஒரு மீனவனிடம் பொய் சொன்னேன். அதனால் அவனுக்குப் படகு போயிற்று, பிறகு கையும் போயிற்று. இதுவரை யாருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

நான் ராயபுரத்துக்காரன். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவன். வெளிநாட்டு நிவாரண அமைப்பு ஒன்றில் களப்பணியாளன், மொழிபெயர்ப்பாளன். கடல் கடந்த சபைகளின் காணிக்கையில் நடக்கும் அமைப்பு அது. ஆனாலும் உதவியில் மதம் நுழையக்கூடாது என்பது அதன் விதி. அந்த விதித்தாளில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன்!

ஒரு புயலில் எண்ணூரை அடுத்த குப்பமொன்றில் படகுகள் நொறுங்கிப்போயின. சில குடும்பங்களுக்குப் புதிய ஃபைபர் படகு தருவதென்று முடிவாயிற்று. பட்டியல் எழுதியவன் நான். அதில் முதல் பெயர் ஏழுமலை.

புதுப் படகைச் சும்மா கடலில் இறக்கமாட்டார்கள். முன்முனையில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, குப்பத்து அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் இறக்குவார்கள். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும், படகுகளை ஒப்படைக்க அமைப்பின் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முந்தின நாளே போய்ச் சொன்னேன்... "நாளைக்கு இதெல்லாம் கூடாது. ஜெபம் மட்டும்தான். ஆபீஸ் உத்தரவு."

அப்படி ஓர் உத்தரவே கிடையாது.

ஏன் சொன்னேன்? புகைப்படத்தில் குங்குமம் தெரிந்தால் காணிக்கை தந்த சபைகள் முகம் சுளிக்குமோ என்ற பயம். என் வேலை நீடிக்கவேண்டுமே என்ற கவலை. அவ்வளவுதானா? இல்லை. அந்தக் கரையில் ஒரு நாளாவது என் கடவுள் மட்டும் நிற்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. வெட்கமாயிருக்கிறது. ஆனால் இருந்தது.

மற்றவர்கள் தலையாட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் போனபிறகு பூசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். ஏழுமலைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. காலையில் நான் போனபோது அவன் படகில் மட்டும் மஞ்சள் ஈரமாக இருந்தது.

"தொடச்சிடுங்கண்ணா. அவங்க பாத்தா இந்த போட்டு கெடைக்காது" என்றேன்.

"கடலுக்குப் போற போட்டு நைனா இது. ஆத்தாகிட்ட சொல்லாம எப்டி எறக்குறது? உங்க சாமிய நானு எதுனா சொன்னனா?"

"அப்போ உங்க பேர எடுத்துடுவேன்."

"எடுத்துக்கோ."

எடுத்துவிட்டேன்! என் கைக்குட்டையாலேயே மஞ்சளைத் துடைத்தேன். பட்டியலில் இடம் கிடைக்காமல் காத்திருந்தவர்களில் ஒருவனைக் கூப்பிட்டு அந்தப் படகின் பக்கத்தில் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அமைப்பின் தலைவி மார்த்தா வந்தாள். வயதான பெண்மணி. படகுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள்: "இவர்கள் வழக்கப்படி பூஜை ஏதும் இல்லையா? எங்கள் ஊரிலும் படகை ஆசீர்வதித்துத்தான் இறக்குவோம். செய்யச் சொல்லுங்கள், காத்திருக்கிறோம்."

ஏழுமலை இருபதடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

ஒரே ஒரு வாக்கியம்... அதைத் தமிழில் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் என் பொய் ஊரறிய உடையும். நான் கூட்டத்தைப் பார்த்து, "அம்மா சீக்கிரம் முடிக்கச் சொல்றாங்க" என்றேன். மார்த்தாவிடம் திரும்பி, "அவர்களுக்கு அதெல்லாம் வேண்டாமாம்" என்றேன். இரண்டு மொழியிலும் பொய் சொன்னேன்!

படகில்லாத ஏழுமலை காசிமேட்டில் விசைப்படகுக்குக் கூலியாகப் போனான். இரண்டாம் மாதமே வலை இழுக்கும் கம்பியில் வலது கை சிக்கியது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கம்பியில் கை சிக்கியதற்கு நானா பொறுப்பு என்று எத்தனையோ முறை எனக்கு நானே வாதாடிப் பார்த்துவிட்டேன். சொந்தப் படகிருந்தால் அவன் ஏன் அங்கே போகிறான்? அந்த இடத்தில் என் வாதம் நின்றுவிடுகிறது.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மீன் விற்றுவிட்டு வந்த அவன் மனைவி தேசம்மா, கூடையை இறக்கிவைத்த கையோடு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

நான் வாயைத் திறக்குமுன் அவன் பேசினான்.

"உம்மேல கோவம் இல்ல நைனா. அவங்க சொன்னத நீ வந்து சொன்ன. பொழப்பாச்சே, நீ இன்னா பண்ணுவ?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அவனே தொடர்ந்தான்.

"அந்தம்மா மறுக்கா வந்தா ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. எங்க ஆத்தா அவங்கள இன்னா பண்ணுச்சு? ஒரு சிட்டிக குங்குமம்... அதுல அவங்களுக்கு இன்னா கோவம்?"

சொல்லியிருக்கவேண்டும். மார்த்தா கோபப்படவில்லை, பூஜை செய்யச் சொல்லிக் காத்திருந்தாள் என்று அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும்.

"கேக்குறேண்ணா" என்றேன்.

அவன் இடது கையை நீட்டி என் தோளைத் தட்டிக்கொடுத்தான்.