சக்கரத்தில் நின்ற ஆய்வகம்

அவரை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். மினி லாரியை அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். பெயர் வைத்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சைக்கிள்காரன்கூட அவரை முந்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். ஆனால் அவர் ஏற்றிப்போவது லேசுப்பட்ட சரக்கா? கல்லூரி ஆய்வகத்து இயந்திரங்கள். ஒரு முள் ஒடிந்தாலும், அவற்றை வாடகைக்கு விடும் கடைக்காரர் இவர் கூலியில்தான் கை வைப்பார்.

இயந்திரங்கள் அந்தக் கடைக்காரருடையவை. எந்தக் கல்லூரிக்கு அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்களோ, அங்கே காலையில் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றிவர வேண்டும். பந்தல்காரர் நாற்காலி வாடகைக்கு விடுவது போல இதுவும் ஒரு தொழில் என்று நினைத்திருந்தார். கேள்வி கேட்டால் வயிறு நிறையுமா?

வீட்டில் வேறு கவலை. மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. அடுத்த வருஷம் கட்டணத்தை இரண்டு மடங்காக்கப் போவதாகக் கல்லூரி சொல்லிவிட்டது. அரசின் கட்டணக் குழு தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆட்டிவிட்டால் அவள் படிப்பு நின்றது. மகள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். அதுதான் அவர் மனசை அறுத்தது.

ஒருநாள் லோடு மகளின் கல்லூரிக்கே வந்தது. வழக்கமான சோதனை என்றுதான் போனார். இயந்திரங்களை உள்ளே தள்ளி நிறுத்தியபோது மேலாளர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"சீக்கிரம் ஆகட்டும். இந்த லேப்பைக் காட்டித்தான் ஃபீஸ ஏத்தப்போறோம்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவர் கூலியும் வாங்கிக்கொண்டல்லவா வைத்திருக்கிறார்! அவருக்குக் கை கால் ஓடவில்லை. எப்போதும் இயந்திரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியிலிருக்கும் சக்கரப் பலகையை உருவிவிடுவார். அன்று அதை மறந்து, போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் கட்டணக் குழு வந்து சேர்ந்தது; அதில் ஓர் அம்மாள். குறிப்பெழுத வசதியாகப் பெரிய இயந்திரத்தின் மேல் சாய்ந்தார். அது சொல்லாமல் கொள்ளாமல் கதவைப் பார்த்து நகர்ந்தது. அம்மாள் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து மேலாளரைப் பார்த்தார், பிறகு இறக்கிய டிரைவரைக் கூப்பிடச் சொன்னார்.

மேலாளர் கண்ணைக் காட்டினார். ஆமைக்கோ பயத்தில் பொய் வரவில்லை.

"வாடகைச் சரக்கும்மா. சாயங்காலம் திரும்ப எடுத்துட்டுப் போகணும்."

பிழைப்பு போயிற்று என்றே வீட்டுக்கு வந்தார். கடைக்காரரும் தொலைபேசியில் வறுத்தெடுத்தார். ஆனால் அந்த வாரமே உத்தரவு வந்துவிட்டது: சொந்த ஆய்வகம் வைக்கும்வரை பழைய கட்டணம்தான்; வைத்த பிறகும் உயர்வு புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும்தான். வேறு வழியில்லாமல் கல்லூரி அந்த இயந்திரங்களையே விலைக்கு வாங்கியது. விற்பனை நடந்த குஷியில் கடைக்காரர் கோபத்தை மறந்து, மறுபடி அவரையே லோடுக்குக் கூப்பிட்டார். மலையே இறங்கினாற்போல் இருந்தது ஆமைக்கு. இந்த முறை பலகையை உருவி, தரையில் அழுத்தி வைத்துவிட்டு வந்தார்.

அன்று மகள் வெகுநாளைக்குப் பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க வேணும்னுதானே சக்கரத்தை விட்டுட்டு வந்தீங்க?"

"சத்தியமா மறந்துட்டேம்மா."

அவள் நம்பவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவியும் நம்பவில்லை. அவர் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தார். மகள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு, அப்படியே மூடிக்கொண்டார்.