பச்சையம்மா கையில் என் லைசென்ஸ்

என் மனைவி பச்சையம்மா எர்ணாவூர்க் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். மீன் ஏலம் கூறிப் பழகிய குரல். பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் படகில் இருப்பவரிடம் பேசுவதுபோலவே பேசுவாள். அவளைப் பற்றி நான் எழுதத் துணிந்ததற்குக் காரணம், 2006ஆம் ஆண்டு என்மீது அநியாயமாகப் போடப்பட்ட ஒரு வழக்கு. அதன் காகிதங்கள் அனைத்தும் என்னிடம் பத்திரமாக உள்ளன.

நான் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுநர். துறைமுகத்துக்குள் நுழைவதற்காக எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்பதே என் தொழிலின் பெரும்பகுதி, ஓட்டுவது சிறுபகுதி. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முன்வண்டி நகரும்போது இருக்கையில் ஓட்டுநர் இல்லையென்றால், பின்வண்டி அவரைத் தாண்டிப் போய்விடலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வரிசை எப்போது நகரும் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆகவே சாப்பாடும் சவரமும் இருக்கையிலேயே நடைபெறும். மற்றவற்றை எழுதுவது முறையன்று.

முன்பெல்லாம் பச்சையம்மா சோற்றுக் கேரியருடன் வரிசை நெடுக என் வண்டியைத் தேடி நடப்பாள். நடந்து அலுத்துப்போய், பழைய செல்போன் ஒன்றை வாங்கி என் சட்டைப்பையில் திணித்தாள். திணித்த கையோடு எச்சரிக்கையும் செய்தாள்.

“வண்டி ஓடும்போது எடுத்தன்னு தெரிஞ்சுது, போன புடுங்கிக் கடல்ல வீசிடுவேன்.”

அது வெறும் மிரட்டல் அன்று. அவள் தங்கையின் காலை ஒரு டேங்கர் லாரி நசுக்கியபோது, அதன் ஓட்டுநர் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

வழக்குக்குரிய நாளில் என் வண்டி எங்கள் தெரு முனைக்கு எதிரேயே நின்றது. முந்தைய நாளும் அங்கேதான் நின்றது. முனைக்கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து பச்சையம்மா அழைத்தாள்.

“இன்னாய்யா, எங்க கீற?”

“நம்ம தெரு முனையிலதான்.”

“நேத்தும் அதத்தான சொன்ன?”

“நேத்தும் இங்கதான் இருந்தேன்.”

அப்போது போக்குவரத்து எஸ்.ஐ. தாமோதரன் கதவைத் தட்டினார்.

“வண்டி ஓட்டிகினே போன் பேசுறியா? லைசென்ஸ எடு.”

“சார், வண்டி நேத்துலேர்ந்து நிக்குது சார்.”

“ஸ்டீயரிங் முன்னாடி உக்காந்துகினு கீற இல்ல? அப்ப ஓட்டுறதுதான்.”

‘செல்போனில் பேசியபடி அதிவேகமாக ஓட்டி வந்தார்’ என்று எழுதி, லைசென்ஸை முடக்கவும் பரிந்துரைத்து, அதை எடுத்துச் சென்றுவிட்டார். இந்தச் சரக்கை இறக்கியதும், லைசென்ஸ் இல்லாதவனுக்கு வண்டி கிடையாது என்று முதலாளி அன்றே சொல்லிவிட்டார்.

மறுநாள் மதியம், போக்குவரத்து வழக்குகளைச் சாலையிலேயே விசாரிக்கும் நடமாடும் நீதிமன்ற வண்டி வந்தது. எங்களை முந்த முயன்று, எதிரே வந்த டேங்கருக்கு வழிவிட ஒதுங்கி, எனக்கு இரண்டு வண்டி பின்னால் வரிசையில் மாட்டிக்கொண்டது. நான் இறங்கினால் வரிசை போய்விடும். இறங்காவிட்டால் வேலை போய்விடும்.

“நீ குந்து. நான் போறேன்” என்றாள் சோறு கொண்டு வந்திருந்த பச்சையம்மா.

அங்கு நடந்ததை அவளிடமும் பின்வண்டி மஜீதிடமும் தனித்தனியே கேட்டு, ஒப்பிட்டு எழுதுகிறேன்.

“உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?” என்றார் நீதிபதி.

“அதோ, பச்ச கன்டெய்னரு. எறங்குனா வரிச பூடும் சார்.”

“அதிவேகமா ஓட்டினார்னு எழுதியிருக்கே?”

“முந்தாநேத்துலேர்ந்து ஒரே எடத்துல அவருக்கு சோறு குடுத்துகினு கீறேன் சார். அதிவேகமா ஓடுற வண்டிக்கு ஓடி ஓடி சோறு குடுக்க நான் இன்னா குதிரையா?”

தாமோதரன் குறுக்கிட்டார். “அப்ப ரோட்ட அடைச்சதுக்குக் கேஸ் போட்டுக்கலாம் சார்.”

“போடு நைனா. அப்பிடியே இந்தக் கோர்ட்டு வண்டிக்கும் ஒண்ணு போடு. முன்னாடி பாரு, உங்க டிரைவரும் ஸ்டீயரிங்கப் புடிச்சிகினு போன் பேசினு கீறாரு. அவரு ஓட்டுறாரா, நிக்கிறாரா?”

நீதிபதி எட்டிப் பார்த்தார். ஓட்டுநர் தம் வீட்டாரிடம் சாப்பிட வர முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். வழக்கு அந்த நிமிடமே தள்ளுபடி ஆனது.

“ஓடும்போது பேசினா மூணு மாசம் லைசென்ஸ் கிடையாது. சொல்லி வைங்க” என்றார் நீதிபதி.

“மூணு மாசம் எந்த மூலைக்கு சார்?” என்று சொல்லி, கையெழுத்திட்டு லைசென்ஸை வாங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது.

மஜீது ஹாரன் அடித்தார். நான் வண்டியை எடுத்தேன். பக்கக் கண்ணாடியில் பச்சையம்மா லைசென்ஸை உயர்த்திப் பிடித்து ஓடி வந்தாள். மறு கையில் ஒரு செல்போன். அவளுக்குப் பின்னால், தம் செல்போனைத் திருப்பிக் கேட்டபடி நீதிமன்ற ஓட்டுநர் ஓடி வந்தார். என் சட்டைப்பையில் போன் அடித்தது. வண்டி ஓடியது, எடுக்கவில்லை. மீண்டும் மீண்டும் அடித்தது.

அடுத்த முனையில், மோட்டார் சைக்கிளில் முந்திச் சென்றிருந்த தாமோதரன் கை காட்டி நிறுத்தினார்.

“லைசென்ஸ்?”

“பின்னால ஓடி வந்துகினு கீது சார்.”

“அது உன் பொண்டாட்டி கையில கீது. உன் கையில கீதா?” போன் விடாமல் அடித்தது. “யோவ், அத எடுத்துத் தொலையேன்யா!”

“ஸ்டீயரிங் முன்னாடி உக்காந்துகினு கீறேன் சார். இப்ப ஓட்டுறேனா, நிக்கிறேனா? சொல்லுங்க, எடுக்குறேன்.”

அவர் உண்மையாகவே யோசித்தார். பின்னால் ஹாரன்கள் முழங்கின. அவற்றையெல்லாம் மீறி எங்கள் குப்பத்துக் குரல் வந்து சேர்ந்தது. மூச்சு வாங்க ஜன்னல் வழியாக லைசென்ஸை என் மடியில் எறிந்தாள் பச்சையம்மா.

“இத்தினி தபா அடிக்கிறேனே, எடுத்தியாய்யா நீ?” என்றாள். “எடுத்திருந்தன்னா கடல்ல வீசியிருப்பேன்!”