படத்தில் நின்ற கார்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவளைப் பற்றி நான் சொல்வதையும் அவளே எழுத வேண்டும், பாவம்.

உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஓட்டு வீட்டை ஒட்டிய காலி மனையில் புது வீடு கட்ட என் மகன் பிளான் போட்டுக் கொண்டுவந்தான். பெரிய தாள். பாய் மாதிரி விரித்து மூலைக்கு ஒரு சொம்பு வைத்தோம். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, படம் தெரியாதா? கதவெல்லாம் தர்பூசணிக் கீற்று மாதிரி இருந்தது. கக்கூசுக்குக்கூட அழகாக ஒரு முட்டை. தெருப்பக்கம் மட்டும் ஒரு கார் நின்றது.

"இது யாரு காருடா?"

"நம்மளுதும்மா."

"நம்மகிட்ட ஏதுடா காரு?"

"வாங்குவோம்மா."

"சரி, என் ரூம்பு எங்க கீது?"

கொல்லைப்பக்கம் விரலை வைத்தான். "இங்க நிம்மதியா படுத்துக்கலாம். தெரு சத்தமே வராது."

தெருச் சத்தம் வராவிட்டால் நான் எதற்கு விழித்திருப்பது? கீரைக்காரி இன்றைக்கு யாரோடு சண்டை போட்டாள், எதிர்வீட்டுப் பெண் கோபித்துக்கொண்டு வந்தாளா, சும்மா வந்தாளா, இதெல்லாம் கொல்லையில் உட்கார்ந்தால் தெரியுமா? நாத்தனாரோடு சண்டை போட்டிருக்கிறேன், ஓரகத்தியோடு போட்டிருக்கிறேன். பிறக்காத காரோடு இடத்துக்குச் சண்டை போட்டது அப்போதுதான்.

பிளான் போட்டது ஒரு சின்னப் பெண், இன்ஜினியர். மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்ப்போம், அதன்பிறகு அப்ரூவலுக்குக் கொடுத்துவிட்டால் மாற்ற முடியாது என்றாள். கோடு போட்டதும் வீடு கோழிக்கூடு மாதிரித் தெரிந்தது. யார் வீட்டுக்குப் போட்டாலும் அப்படித்தானாம். மேஸ்திரி ஹாலிலிருந்து நேராக அடுப்பங்கரைக்கு நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வாசப்படி அங்க கீது மேஸ்திரி. சொவுத்துல பூந்து போறியே!"

கார் நுழைகிறதா பார்க்க, திருப்புலிவனத்திலிருந்து சம்பந்தியை அவர் காரோடு வரவழைத்தான் மகன். சுவர் எதுவரை என்று தெரிய ஆள் நிற்க வேண்டும் என்றாள் இன்ஜினியர். ஹால் சுவராக மருமகள் நின்றாள். காம்பவுண்டு சுவராக நான் நின்றேன். கார் நடுவில் வந்து நின்றது. சம்பந்தி கதவைத் திறந்தார். அது என் வயிற்றில் முட்டியது. அவருக்கோ என்னைவிடப் பெரிய வயிறு.

"சம்பந்தியம்மா, கொஞ்சம் நவுருங்க."

"சொவுரு எங்கனா நவுருமா சம்பந்தி?"

சீட்டிலேயே அந்தப் பக்கம் நகர்ந்து போய், அந்தக் கதவைத் திறந்து பார்த்தார். அங்கே நின்ற அவர் மகளும் அசையவில்லை.

"நைனா, இது ஹாலு சொவுரு. கோட்டத் தாண்டாத."

"இன்னாம்மா பேஜாரா கீது! பெத்த அப்பனையே காருல பூட்டி வெக்கிறியே!"

தெருவே கூடிவிட்டது. என் மகன் தலையைச் சொறிந்தான். "ஹால்ல கொஞ்சம் எடுத்துக்கலாம் மேடம்."

"ஹால் ஏற்கெனவே சின்னது சார். கிச்சன்லதான் எடுக்கணும்."

அவ்வளவுதான். ஹால் சுவருக்கு வாய் திறந்துகொண்டது.

"என் சமையக்கட்டுல ஒரு ஜாண் கொறஞ்சாலும் நான் இங்கருந்து நவுர மாட்டேன். எங்க நைனா காருலயே குடும்பம் பண்ணட்டும்!"

(இதை எழுதும்போது சிரிக்கிறாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.)

மகன் அந்தச் சுவரைப் பார்த்தான், இந்தச் சுவரைப் பார்த்தான். இரண்டு பேர் கையிலும்தான் அவன் சாப்பிட வேண்டும்.

"காரை எடுத்துடுங்க மேடம்" என்றான். "அங்க அம்மாவுக்கு ரூம் போடுங்க."

சம்பந்தி ரிவர்ஸ் எடுத்து, தெருவில் இறங்கி, முதுகை நிமிர்த்தினார்.

இன்ஜினியர் பெண் என்னைப் பார்த்தாள். "ஆயா, ஜன்னல் எவ்ளோ உயரத்துல வேணும்?"

நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அவள் டேப்பை மண்ணிலிருந்து இழுத்து என் மோவாய்க்குக் கீழே பிடித்தாள். அந்த நேரம் பார்த்துக் கீரைக்காரி வந்தாள்.

"அசையாதீங்க ஆயா, அளவு தப்பிடும்."

"நீ அளம்மா. ஏ கீரை! அந்தச் சண்ட இன்னா ஆச்சு?"